கை வைக்காத என்ஜினுக்கு ரேஸ் பெட்ரோல் எதற்கு?

நார்மல் ஹெப்டேன், ஐசோ ஆக்டேன் என்று இரண்டு திரவங்கள் உண்டு. கண்ணாடிக் குடுவைகளில் ஊற்றி அருகருகே வைத்தால் எது எதுவென்று சொல்ல முடியாது. இரண்டும் தெளிந்த தண்ணீர் போலவே இருக்கும். பங்க்குகளில் பெட்ரோலுக்குப் போடுகிற ஆக்டேன் எண் என்ற கணக்கில் ஹெப்டேனின் எண் 0. ஐசோ ஆக்டேனின் எண் 100. ஆனால் எதை ஒரு கிலோ எரித்தாலும் கிடைக்கிற வெப்பம் ஏறக்குறைய ஒன்றுதான், 44 மெகாஜூலுக்குச் சற்று மேல். சொல்லப்போனால் பூஜ்யம் வாங்கிய ஹெப்டேனில்தான் ஒரு துளி அதிகம். ஆக்டேன் கூடினால் பெட்ரோலில் பலம் கூடும் என்று நம்புகிற எல்லோருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

மணலி சுத்திகரிப்பு ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வீடு திருவொற்றியூரில். என் பணிக்காலத்தின் பெரும்பகுதி ‘நாக் என்ஜின்’ (‘நாக்’ என்றால் தட்டுவது) என்று நாங்கள் அழைத்த ஓர் இரும்பு உருவத்தின் பக்கத்தில் கழிந்தது. ஒரே ஒரு சிலிண்டர், 612 சிசி. 1920களின் இறுதியில் அமெரிக்காவில் வடிவமைத்தது. இன்றும் உலகம் முழுவதும் பெட்ரோலின் ஆக்டேனுக்கு இறுதித் தீர்ப்புச் சொல்வது இந்த வகை என்ஜின்தான். இதன் அதிசயம் என்னவென்றால், ஓடிக்கொண்டிருக்கும்போதே கைப்பிடியைச் சுழற்றிச் சிலிண்டரை மேலே தூக்கலாம், கீழே இறக்கலாம். இறக்க இறக்க அழுத்த விகிதம், அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு நசுக்குகிறது என்ற கணக்கு, ஏறும். 4க்கு 1 என்பதிலிருந்து 18க்கு 1 வரை போகும்.

சோதனை இப்படி நடக்கும். ஒரு கிண்ணத்தில் சோதிக்க வேண்டிய பெட்ரோல். மற்றக் கிண்ணங்களில் நாங்களே அளந்து கலந்த ஐசோ ஆக்டேன், ஹெப்டேன் கலவைகள். என்ஜின் நிமிடத்துக்கு 600 சுற்று என்ற வேகத்தில் அசையாமல் ஓட வேண்டும். உள்ளே போகிற காற்று 52 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்க வேண்டும். காற்றின் ஈரமும் கட்டுக்குள் இருக்க வேண்டும் என்பதால், அது பனிக்கட்டி நிரப்பிய ஒரு கோபுரத்தின் வழியாக வரும். கடலை ஒட்டிய எங்கள் ஊரின் ஈரக்காற்றோடு போராடுவதே அந்நாட்களில் பாதி வேலை. நான் சேர்ந்த புதிதில் பனிக்கட்டி உடைத்துக் கொட்டுவது என் பொறுப்பு. பிறகு சிலிண்டரை இறக்குவோம். ஓரிடத்தில், சுத்தியலால் பட்டறைக்கல்லை வேகமாகத் தட்டுவது போன்ற ஓசை எழும். மீட்டரின் முள் ஏறும். முள் நடுவில் 50இல் வந்து நிற்குமாறு சரிசெய்துவிட்டு, குழாயைத் திருப்பிக் கலவைகளுக்கு மாறுவோம். ஐசோ ஆக்டேன் 91 பங்கும் ஹெப்டேன் 9 பங்கும் சேர்ந்த கலவை எந்த அளவுக்குத் தட்டுகிறதோ, அதே அளவுக்கு நம் பெட்ரோலும் தட்டினால் அதன் எண் 91. இதுதான் பங்க்கில் நாம் பார்க்கிற ‘ரிசர்ச் ஆக்டேன்’ எண். 900 சுற்றில், கலவையை 149 டிகிரிக்குச் சூடேற்றி, இன்னும் கடுமையாகச் சோதித்தால் வருவது ‘மோட்டார் ஆக்டேன்’. அது பெரும்பாலும் சில எண்கள் குறைவாகவே வரும்.

இந்தச் சோதனையில் எங்காவது குதிரைத்திறனை அளந்தோமா? இல்லை. எவ்வளவு அழுத்தத்தையும் சூட்டையும் தாங்கிக்கொண்டு, தானாகப் பற்றிக்கொள்ளாமல் பொறுமையாக இருக்கிறது என்பதை மட்டுமே அளந்தோம். ஸ்பார்க் பிளக் தீப்பொறி தந்ததும் சுடர் ஒரு முனையிலிருந்து பரவ வேண்டும். சுடர் வந்து சேர்வதற்குள், மூலையில் நசுங்கிக் கிடக்கும் மிச்சக் கலவை சூடு தாங்காமல் மொத்தமாக வெடித்துவிட்டால் அதுதான் நாக்கிங். பிஸ்டனின் தலையில் விழுகிற அடி அது. அந்த அடியைத் தள்ளிப்போடுகிற குணத்துக்குத்தான் ஆக்டேன் என்று பெயர்.

இனி, இதை எழுதத் தூண்டிய விஷயம்.

ராயபுரத்தில் கன்டெய்னர் லாரித் தொழில் செய்கிற என் தம்பி மகன், பழைய போர்ஷே கேமன் கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். 2.7 லிட்டர், ஆறு சிலிண்டர், 275 குதிரைத்திறன். கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கிறது. யாரும் கை வைக்கவில்லை. அவன் ஒரு நாள் மாலை தகர டப்பா ஒன்றைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். “அத்தை, இது ரேஸுக்கு ஊற்றுகிற பெட்ரோலாம். இதைப் போட்டால் வண்டி பறக்கும் என்கிறார்கள். நீங்கள்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்” என்றான். விற்றவர் லிட்டருக்கு வாங்கிய விலையை இங்கே எழுத எனக்கு மனம் வரவில்லை.

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பக்கவாட்டில் இருந்த பொடி எழுத்துகளைப் படித்தேன். மோட்டார் ஆக்டேன் 108 என்று பெரிதாகப் போட்டிருந்தது. அதற்குக் கீழே, விரல் நகத்தால் மறைத்துவிடக்கூடிய அளவில் இரண்டு வரிகள்: ஈயச் சேர்மம் உள்ளது, சாலை வாகனங்களுக்கு உரியதல்ல. மூடியைத் திறக்கவே நான் விடவில்லை.

ஈயத்தைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. அதை மறைக்க விரும்பவில்லை. டெட்ரா எத்தில் லெட் நாக்கிங்கை அடக்கும் என்பதை 1921 டிசம்பரில் தாமஸ் மிட்ஜ்லி குழுவினர் கண்டார்கள். ஒரு சிட்டிகை போதும், ஆக்டேன் ஏறும். அந்த மலிவான வழிக்காக உலகம் பல பத்தாண்டுகள் தன் குழந்தைகளின் ரத்தத்தில் ஈயத்தைக் கலந்தது. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு ஈயமற்ற பெட்ரோல் 1995 ஏப்ரலில் வந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிந்தது 2000இல். கார்களுக்கு ஈயப் பெட்ரோல் விற்ற கடைசி நாடான அல்ஜீரியா 2021இல்தான் நிறுத்தியது. இவ்வளவு பாடுபட்டு விரட்டியதை டப்பாவில் அடைத்துத் திரும்ப வீட்டுக்குள் கொண்டுவருவதா? அதுவும் வடசென்னையில், ஏற்கெனவே இத்தனை புகையைச் சுவாசிக்கிறவர்கள் நடுவில்?

காருக்கும் அது கேடுதான். புகைபோக்கிக் குழாயில் உள்ள கேட்டலிடிக் கன்வெர்ட்டரில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசியிருக்கிறார்கள். ஈயம் அதன்மேல் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யும். அடுத்து ஆக்சிஜன் சென்சார் போகும். என்ஜினின் கணினி எவ்வளவு பெட்ரோல் தெளிப்பது என்பதை அந்த சென்சார் சொல்வதைக் கேட்டுத்தான் முடிவு செய்கிறது. அது பொய் சொல்லத் தொடங்கினால் இழப்பது பலம், மைலேஜ் இரண்டையும்.

சரி, ஈயம் இல்லாத ரேஸ் பெட்ரோல்? இது நியாயமான கேள்வி. பதில் சொல்ல அந்தக் காரையே கேட்க வேண்டும்.

கேமனின் கையேடு தெளிவாகவே சொல்கிறது. இந்த என்ஜின் 98 ஆக்டேனுக்காக வடிவமைத்தது; கிடைக்காவிட்டால் குறைந்தது 95 போடலாம், நாக்கிங்கைக் கவனித்து என்ஜினே தீப்பொறியின் நேரத்தைச் சரிசெய்துகொள்ளும். அழுத்த விகிதம் 12.5க்கு 1. சிலிண்டருக்குள்ளேயே நேராகப் பெட்ரோல் தெளிப்பதால் கலவை குளிர்ந்து, அந்த விகிதம் சாத்தியமாகிறது. என்ஜின் உடம்பில் திருகியிருக்கிற நாக் சென்சார் எங்கள் ஆய்வக மீட்டர் செய்த வேலையைத்தான் செய்கிறது: தட்டுகிற ஓசைக்காகக் காத்திருக்கிறது. கேட்டவுடன் கணினி, தீப்பொறியை, என்ஜின் சுழலும் கோணக் கணக்கில், சில டிகிரி தாமதப்படுத்தும். ஓசை நின்றதும் மெல்ல மெல்லப் பழைய இடத்துக்குக் கொண்டுவரும். பழைய இடம் என்பது பொறியாளர்கள் எழுதி வைத்த எல்லை. அந்த எல்லைக்கு மேல் அது போகாது. தொட்டியில் 98 இருந்தாலும் 110 இருந்தாலும் அதற்கு மேல் ஏற அதற்கு உத்தரவு இல்லை. காய்ச்சல் இல்லாதவர் காய்ச்சல் மாத்திரையை விழுங்கினால் உடம்பு இன்னும் குளிர்ந்துவிடாது, அதே கதைதான்.

நம்பிக்கையின் பேரில் எதையும் ஏற்காத குடும்பம் எங்களுடையது. ஆகவே அளந்தோம். காரின் கணினியைப் படிப்பதற்கான ஓபிடி இணைப்பில் செருகுகிற சிறிய கருவி ஒன்று, ஒவ்வொரு சிலிண்டரிலும் தீப்பொறி எத்தனை டிகிரி தாமதமாகிறது என்பதைக் கைபேசியில் காட்டும். மே மாத மதிய வெயிலில், எண்ணூர் விரைவுச் சாலையில் துறைமுகத்துக்குப் போகிற கன்டெய்னர் லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்துவிட்டு வந்தால், உள்ளிழுக்கும் காற்றின் சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடுகிறது. எங்கள் நாக் என்ஜினுக்கு ஹீட்டர் போட்டு நாங்கள் தந்த சூட்டைச் சென்னை இலவசமாகவே தருகிறது. அந்த நிலையில் சாதாரண பெட்ரோலோடு காலி சாலையில் அழுத்தினால் மூன்று நான்கு டிகிரி தாமதம் தெரிந்தது. ஒரு சிலிண்டரில் அதற்கும் மேல். தீப்பொறி தாமதமானால் பலம் குறையும்; அது நிஜமான இழப்பு. அந்த இழப்பை ஓட்டுபவனும் உணர்ந்தான். வண்டி மந்தமாக இருக்கிறது என்று அவன் முணுமுணுத்ததற்குக் காரணமே அதுதான்.

தொட்டியைக் காலியாக விட்டு, 100 ஆக்டேன் பெட்ரோல் நிரப்பி, கணினி பழகிக்கொள்ளச் சில நாள் ஓட்டினான். அதே வெயில், அதே சாலை. தாமதம் ஏறக்குறைய பூஜ்யம். மந்தம் போயிற்று. பிறகு இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடலுக்குப் போய்வருகிற அவன் நண்பர் ஒருவர், ஈயம் இல்லாத 102 ஆக்டேன் ரேஸ் பெட்ரோல் கொடுத்தார். மீஞ்சூரிலிருந்து வண்டலூர் போகிற வெளிவட்டச் சாலையில் விடியற்காலையில் ஓட்டிப் பார்த்தோம். 100இல் பார்த்த அதே எண்கள். அதே சுற்றுக்கு அதே டிகிரி. பையன் கைபேசியை என்னிடம் காட்டிவிட்டு ஒன்றும் பேசாமல் திருப்பி வாங்கிக்கொண்டான்.

ஆக, அந்தக் காருக்கு உயர் ஆக்டேன் பயன் தருகிறதா என்றால், தருகிறது, 98 வரை. சென்னை வெயிலுக்காகக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளலாம் என்றால் 100 வரை. அதற்கு மேல் போடுவது பணத்தைக் குழாய் வழியாகப் புகையாக விடுவது. 97, 99, 100 என்று பெயர் போட்ட பெட்ரோல்கள் பங்க்குகளிலேயே கிடைக்கின்றன. இந்தியன் ஆயிலின் 100 ஆக்டேன் பெட்ரோல் 2020 டிசம்பரில் டெல்லியில் வந்தபோது லிட்டர் 160 ரூபாய்க்கு விற்றது. அதுவே அதிக விலைதான். கேமனுக்கு அது செலவு. தண்டையார்பேட்டையில் ஓடுகிற ஒரு 350 சிசி புல்லட்டுக்கு அது வீண். இன்றைய புல்லட்டின் அழுத்த விகிதம் 9.5க்கு 1. நம் ஊரில் விற்கிற சாதாரண பெட்ரோலுக்கென்றே செய்தது. அதில் 100 ஊற்றிவிட்டு ‘என்னமாய் இழுக்கிறது’ என்று சொல்கிற தம்பிகள் என் தெருவிலேயே இருக்கிறார்கள். அவர்கள் உழைத்துச் சம்பாதித்த பணம் என்பதால்தான் இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

‘ரேஸ் பெட்ரோல்’ என்றாலே ஆக்டேன் வானளவு என்பதும் சரியல்ல. 2025 வரை ஃபார்முலா 1 விதிகள் கேட்டது, ரிசர்ச், மோட்டார் இரண்டு எண்களின் சராசரி 87க்குக் குறையக் கூடாது என்பதுதான். அமெரிக்கப் பங்க்குகளில் விற்கிற சாதாரண பெட்ரோலின் எண் அது. பந்தய எரிபொருள் செய்கிறவர்கள் எரியும் வேகம், கிலோவுக்கு எவ்வளவு சக்தி என்று பலவற்றையும் பார்த்துக் கலக்குகிறார்கள், அதுவும் அந்த ஒரு என்ஜினுக்காக. சில பந்தய எரிபொருள்களில் ஆக்சிஜன் ஏறிய சேர்மங்கள் நிறைய இருக்கும். சாதாரண பெட்ரோல் ஒரு பங்கு எரியக் காற்று 14.7 பங்கு வேண்டும்; மெத்தனாலுக்கு 6.4 பங்கே போதும். இப்படிப்பட்ட கலவையைச் சாலைக் காரில் ஊற்றினால், கணினி தன்னால் முடிந்த மட்டும் பெட்ரோலைக் கூட்டித் தெளித்துப் பார்த்துவிட்டு, கடைசியில் எச்சரிக்கை விளக்கைப் போடும். பங்க் பெட்ரோலில் சேர்க்கிற, இன்ஜெக்டரைச் சுத்தமாக வைக்கிற மருந்துகளும் பல பந்தய எரிபொருள்களில் இருப்பதில்லை. ஒரே நாள் ஓடிவிட்டுப் பிரித்துப் பார்க்கப்போகிற என்ஜினுக்கு அவை எதற்கு?

சிறுமியாக இருந்தபோது அப்பாவோடு சோழவரத்துக்குப் பந்தயம் பார்க்கப் போயிருக்கிறேன். போர்க்காலத்தில் போட்ட விமான ஓடுதளம் அது. இருங்காட்டுக்கோட்டை வருவதற்கு முன் சென்னையின் கார் பந்தயங்களெல்லாம் அங்கேதான். வைக்கோல் கட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு, துறைமுகத்தில் மெக்கானிக்காக இருந்த அப்பா எந்த வண்டி ‘ஹெட்டைச் சீவியது’ என்று ஓசையை வைத்தே சொல்வார். சிலிண்டர் தலையைச் சீவினால் மேலே இடம் குறைந்து அழுத்தம் ஏறும். அப்படி ஏற்றியவர்களுக்கு நல்ல பெட்ரோல் தேவைப்பட்டது. அன்றைய பங்க் பெட்ரோலின் ஆக்டேனோ இன்றையதைவிடக் குறைவு. முதலில் என்ஜினை மாற்றினார்கள், அதனால் பெட்ரோலை மாற்ற வேண்டி வந்தது. இன்றும் டர்போ வண்டியில் கணினியின் நிரலை மாற்றி எழுதி, காற்றழுத்தத்தைக் கூட்டியவருக்கு உயர் ஆக்டேன் உயிர் காக்கும். அவர்களோடு எனக்கு வழக்கு இல்லை.

இ20, அதாவது எத்தனால் கலந்த பெட்ரோல் பற்றி ஒரு வார்த்தை, ஏனென்றால் எல்லோரும் அதைக் கேட்கிறார்கள். எத்தனாலின் ரிசர்ச் ஆக்டேன் சுமார் 108. ஆனால் ஒரு லிட்டர் எத்தனாலில் உள்ள சக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் உள்ளதில் மூன்றில் இரண்டு பங்குதான். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோலின் ஆக்டேன் 95 என்று அரசு சொல்கிறது. முன்பு அது 91. எண் ஏறியிருக்கிறது, லிட்டருக்கான சக்தி இறங்கியிருக்கிறது. நம் தெருமுனைப் பங்க்கிலேயே இதற்குச் சாட்சி இருக்கிறது. பழைய ரப்பர் குழாய்களை அது என்ன செய்யும் என்பது தனிப் பதிவுக்கு உரியது.

ஒரு வண்டி அதற்குரிய பெட்ரோலிலேயே தட்டுகிறது என்றால், டப்பாவைத் தேடுவதற்கு முன் வேறு சிலவற்றைப் பார்க்க வேண்டும். நாள்பட்ட என்ஜினில் கரி படிந்து அழுத்தத்தை ஏற்றியிருக்கலாம். அதைச் சுத்தம் செய்தால் போதும். கூலன்ட் குறைந்திருக்கலாம். ரேடியேட்டருக்கு முன்னால் குப்பை அடைத்திருக்கலாம். எங்கள் பக்கத்து லாரித் தூசியில் இது மிகச் சாதாரணம். பெட்ரோலிலேயே கலப்படம் இருக்கலாம். மண்ணெண்ணெய் கலந்தால் ஆக்டேன் சரிந்துவிடும். பங்க்கில் வடிதாள் கேட்பது நம் உரிமை. குழாய் முனையைத் துடைத்துவிட்டு ஒரு சொட்டு விட்டால், நல்ல பெட்ரோல் இரண்டு நிமிடத்தில் கறை விடாமல் ஆவியாகிவிடும். கறை நின்றால் கேள்வி கேளுங்கள். தயங்க வேண்டாம்.

உயர் ஆக்டேன் வாங்குகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். எங்கள் பக்கத்தில் அது மெதுவாகத்தான் விற்கிறது. தரைக்கடித் தொட்டியில் வாரக்கணக்கில் கிடக்கும். டேங்கர் கடைசியாக எப்போது வந்தது என்று கேட்டுவிட்டு நிரப்புங்கள். கார்த்திகை மழையில் திருவொற்றியூரிலும் மணலியிலும் தண்ணீர் தேங்கிய பிறகு இன்னும் கவனம் தேவை. தொட்டிக்குள் நீர் இறங்கினால், எத்தனால் கலந்த பெட்ரோலில் எத்தனால் நீரோடு சேர்ந்து அடியில் இறங்கிவிடும். மேலே மிஞ்சுகிற பெட்ரோலின் ஆக்டேன் குறைந்துவிடும். பங்க்காரர்களிடம் நீரைக் கண்டுபிடிக்கும் பசை இருக்கும். அளவுகோலின் நுனியில் தடவித் தொட்டிக்குள் விட்டு எடுப்பார்கள். தண்ணீர் பட்டால் நிறம் மாறும். உங்கள் முன்னால் அதைச் செய்யச் சொல்லுங்கள். நிறம் மாறியிருந்தால், பலகையில் எந்த எண் எழுதியிருந்தாலும் நிரப்பாமல் வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள்.